எழும்பூர் அருங்காட்சியகத்தில் குழுவாக ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பிலிருந்து அவ்வப்போது ஒரு குழுவாகக் கிளம்பி எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்வருகிறோம். ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் அதே கேள்விகள் வருகின்றன. தனித்தனியாகப் பதில் தட்டி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். வேறு குழுவினரும் தாராளமாக எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எழும்பூர் மியூசியமா? அதைத்தான் ஸ்கூலிலேயே பார்த்தாச்சே!

பார்த்திருப்பீர்கள். வரிசையில் ஒருவர் பின்னால் ஒருவராக ஓடி, திமிங்கலத்தின் எலும்புக்கூட்டையும் பாடம் செய்த விலங்குகளையும் பார்த்துவிட்டு, மரத்தடியில் புளியோதரை சாப்பிட்டுத் திரும்பியிருப்பீர்கள். பழைய சென்னைவாசிகள் இதைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. வண்டலூருக்குப் போய்விட்ட அந்த உயிர் காலேஜும் 1855-ல் இதே வளாகத்தில்தான் தொடங்கியது. அப்போது அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர்தான் அதற்கும் காரணம்.

அருங்காட்சியகம் 1851-ல் ஆரம்பித்தது. இந்தியாவில் கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு அடுத்த பழமை இதற்குத்தான். 1854-ல் எழும்பூரில் பாந்தியன் என்ற கட்டடத்துக்கு மாறியது. வெள்ளைக்காரர்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் கூடிய இடம் அது. வாசலில் ஓடும் பாந்தியன் சாலைக்குப் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததும் இப்போது பார்க்கப்போவதும் ஒன்றல்ல. அன்றைக்கு வாத்தியார் 'நடங்க, நடங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது நாம் நிற்கப்போகிறோம்.

இவ்வளவு கூடங்கள் இருக்க, ஏன் இரண்டை மட்டும் பார்க்கச் சொல்கிறீர்கள்?

ஆறு கட்டடங்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட கூடங்கள். எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் மூன்றாவது கூடத்தில் கால் வலிக்கும், ஐந்தாவதில் கண் எதையும் வாங்காது, அதற்கப்புறம் எங்கே உட்காரலாம் என்றுதான் தேடுவோம். ஒரு நாளைக்கு இரண்டு கூடம் போதும் என்பது என் கட்சி. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி தெரிய வேண்டும். அப்போதுதான் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த கண் இன்னொன்றில் கேள்வி கேட்கும்.

நாங்கள் எடுத்துக்கொள்வது அமராவதி கூடமும் வெண்கலக் கூடமும். முன்னது ஆந்திரத்துப் பௌத்தக் கல், பின்னது பெரும்பாலும் சோழநாட்டுச் செப்புத் திருமேனிகள். இடையில் ஏறக்குறைய ஆயிரம் வருஷம். வரிசையை மாற்றாதீர்கள், அமராவதிதான் முதலில். வெண்கலத்தை முதலில் பார்த்துவிட்டால் அதன் பளபளப்பில் மயங்கிப்போய், அப்புறம் கல் எடுபடாது.

அமராவதி கூடத்தில் எதைப் பார்ப்பது? எல்லாம் உடைந்த கல்லாக இருக்கிறதே?

உடைந்தவைதான். கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதியில் ஒரு பெரிய ஸ்தூபி, அதாவது பௌத்தர்கள் வலம்வந்து வணங்கும் குவிமாட வடிவ மேடு, இருந்தது. சாதவாகனர் காலத்தில், அதாவது கிறிஸ்துவுக்கு முன்னும் பின்னுமான சில நூற்றாண்டுகளில், வளர்ந்து வளர்ந்து பெரிதான ஸ்தூபி. அதைச் சுற்றிக் கல்லால் வேலி. அந்த வேலியின் தூண்கள், குறுக்குக் கற்கள், ஸ்தூபியின் மேல் ஒட்டியிருந்த பலகைகள் இவற்றின் துண்டுகள்தான் இங்கே இருப்பவை. ஆங்கிலேயர்கள் சலவைக்கல் என்று எழுதிவைத்தார்கள். உண்மையில் பல்நாடு பகுதியின் சுண்ணாம்புக் கல். வெளிர் சாம்பல் நிறம், கொஞ்சம் பச்சை ஓடும்.

முதலில் முழு ஸ்தூபியையே சின்னதாகச் செதுக்கியிருக்கும் பலகையைத் தேடுங்கள். அதைப் பார்த்தால் மற்றத் துண்டுகள் எங்கே இருந்திருக்கும் என்று பிடிபட்டுவிடும். குழுவில் யாராவது ஒருவர் 'இந்தத் துண்டு இந்த இடத்தில் வரும்' என்று கைகாட்ட ஆரம்பித்ததும் வேலை எளிதாகிவிடும்.

அப்புறம் நளகிரி. ராஜகிருக வீதியில், புத்தர்மேல் பொறாமை கொண்ட உறவினன் தேவதத்தன், நளகிரி என்ற மதயானையை அவர் மேல் ஏவிவிட்ட கதை. வட்டமான ஒரே கல்லில் இரண்டு காட்சிகள். இடது பக்கம் யானை வெறிபிடித்து வருகிறது, ஜனங்கள் சிதறுகிறார்கள், பயந்துபோன ஒரு பெண் பக்கத்தில் இருப்பவரை ஒட்டிக்கொள்கிறாள், மாடி ஜன்னல்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வலது பக்கம் அதே யானை புத்தர் காலடியில் மண்டியிட்டிருக்கிறது. இரண்டு யானை என்று எண்ணாதீர்கள். ஒரே யானை, முன்னும் பின்னும். எங்கள் குழு இந்தக் கல்லின் முன்னால்தான் ரொம்ப நேரம் நிற்கும். எட்டிப் பார்க்கும் அந்த ஜன்னல் முகங்களைப் பார்த்து, 'நம்ம தெருவில் சண்டை நடந்தால் பால்கனியில் நிற்கிறோமே, அதேதான்' என்று ஒருவர் சொன்னார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பலகையிலும் படித்ததில்லை.

மூன்றாவதாக, புத்தர் இல்லாத புத்தர். சில கற்களில் எல்லோரும் கைகூப்பி நிற்பார்கள், நடுவில் காலியான ஆசனம் இருக்கும். அல்லது ஒரு மரம், அல்லது இரண்டு பாதச் சுவடுகள். புத்தரை உருவமாகக் காட்டாமல் குறியீடாகக் காட்டிய பழைய முறை அது. அமராவதியில் அந்த முறையும் உண்டு, மனித உருவில் வரும் புத்தரும் உண்டு. இரண்டையும் ஒரே கூடத்தில் பார்க்கலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வெண்கலக் கூடத்தில் தேவைப்படும்.

ஆந்திரத்துக் கற்கள் சென்னைக்கு எப்படி வந்தன? பாதி லண்டனில் இருக்கிறதாமே?

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உள்ளூர் ஜமீன்தார் ஊரை விரிவாக்கக் கட்டடக் கல் தேடி அந்த மேட்டைத் தோண்டினார். செதுக்கிய கற்கள் வெளிவந்தன, அப்படியே வீட்டுக்கும் குளத்துக்கும் போயின. சர்வேயர் காலின் மெக்கன்சி கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார், பிறகு 1816-ல் திரும்பிவந்து படங்கள் வரையவைத்தார். 1845-ல் வால்டர் எலியட் என்ற கம்பெனி அதிகாரி தோண்டி எடுத்த கற்கள் மதராசுக்கு வந்தன. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை 1859-ல் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தன. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பவை அவைதான். பிறகு நடந்த தோண்டுதல்களில் கிடைத்தவை இங்கே சேர்ந்தன.

இங்கே தங்கியவற்றுக்கும் ராஜ உபசாரம் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அவற்றைச் சுவரில் பதித்துச் சாந்து பூசினார்கள். காட்சிக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாந்தும் ஈரமும் உப்பும் சேர்ந்து சுண்ணாம்புக் கல்லை உள்ளிருந்து அரிக்கும் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. சில பலகைகளில் மேல்தோல் உரிந்த மாதிரி இருப்பதைப் பார்த்தால், 'வெள்ளைக்காரன் எடுத்துப்போகாமல் இருந்திருந்தால்' என்ற வழக்கமான விவாதத்தைக் கொஞ்சம் நிதானமாக நடத்தத் தோன்றும். எடுத்துப்போனது எனக்கும் பிடிக்கவில்லைதான். அதற்காக வைத்திருந்த லட்சணத்தையும் மறைக்க முடியாது.

வெண்கலக் கூடத்தில் எதை விடக்கூடாது?

இங்கே பட்டியல் போட்டால் நீளும். நான் மூன்று பேரிடம் கூட்டிப்போவேன்.

முதலில் திருவாலங்காட்டு நடராசர். சுற்றி நிற்கும் நெருப்பு வளையமான திருவாசி இல்லை, பறக்கும் சடையும் இல்லை. அதனால்தான் உடம்பின் சமநிலை அப்பட்டமாகத் தெரிகிறது: ஊன்றிய கால், தூக்கிய கால், அதற்கு ஈடுகொடுக்கும் கைகள். பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் இந்த அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களைப் பார்த்தே 1913-ல் உருகி உருகி எழுதினார். நேரில் பார்க்கவே இல்லை. நாம் எழும்பூரில் ரயில் ஏறப்போகும்போதெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்தோம். ஒரு சுவாரசியம்: நடராசரின் ஐந்து சபைகளில் திருவாலங்காடு ரத்தின சபை. அந்தத் தலத்துக்கு உரியது காலை விண்ணோக்கித் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவம். ஆனால் அந்த ஊர்ப் பெயரில் உலகப் புகழ்பெற்ற இந்தச் சிலை, காலைக் குறுக்கே தூக்கி ஆடும் ஆனந்த தாண்டவம்.

அடுத்து, சீர்காழி பக்கத்துத் திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர். கைகளை எண்ணுங்கள். ஆண் பாதிக்கு இரண்டு, பெண் பாதிக்கு ஒன்று. மூன்று கை வைத்து ஒரு உருவத்தைச் செய்தால் கோணலாகத் தெரிய வேண்டும், தெரியவில்லை. வலது கை காற்றில் முழங்கையை ஊன்றியிருக்கிறது, அங்கே சாய்ந்துகொள்ள ஒரு காளை இருந்திருக்க வேண்டும். இடுப்பை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாருங்கள். தோளும் அப்படித்தான். குழுவில் பரதம் கற்றவர்கள் இருந்தால் அவர்களை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அந்த நிலையில் நின்றே காட்டிவிடுவார்கள்.

மூன்றாவது, வடக்குப்பனையூர் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். ராமர் கையில் வில் இல்லை. வில்லைப் பிடித்த கை மட்டும் அப்படியே நிற்கிறது. சின்னக் குழந்தைகள்கூட 'வில் எங்கே?' என்று கேட்காமல் தாங்களாகவே வில்லைக் கற்பனை செய்துகொள்கிறார்கள்.

இவற்றை எல்லாம் பார்க்கும்போது பீடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டைகளும் வளையங்களும் இருக்கும். கழியைச் செருகித் தூக்கிக்கொண்டு போவதற்கு. இவர்கள் கருவறையை விட்டு நகராத மூலவர்கள் அல்ல, வீதி உலா போன உற்சவர்கள். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் முதலில் பீடத்தைத்தான் குனிந்து பார்த்தார். எடை எவ்வளவு இருக்கும், எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள் என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்ததும் மொத்தக் குழுவும் அவர் பின்னால் போய்விட்டது.

இரண்டு கூடத்துக்கும் என்ன சம்பந்தம்? கல் வேறு, உலோகம் வேறு, மதமும் வேறு.

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த நாளே.

அமராவதி ஸ்தூபி நகராது, நாம்தான் வலம் வர வேண்டும். நடக்க நடக்க ஒவ்வொரு தூணிலும் ஒரு கதை எதிர்ப்படும். கல்லில் கூட்டம் நெருக்கியடிக்கிறது, ஏனென்றால் கதைக்குக் கூட்டம் வேண்டும். செப்புத் திருமேனி நேர்மாறு. நாம் வாசலில் நிற்போம், சாமி வரும். கதையெல்லாம் நமக்கு முன்பே தெரியும், வந்து நிற்கும் ஒரு முகம் போதும். அதனால் சிலையில் கூட்டம் கிடையாது, அதைச் சுற்றி வீதியில்தான் கூட்டம்.

இப்போது இரண்டும் ஒரே வளாகத்தில் அசையாமல் நிற்கின்றன. சுற்றிவர ஸ்தூபி இல்லை, தூக்கிவர ஆள் இல்லை. குழுவாக வருவதில் இங்கே ஒரு லாபம் இருக்கிறது. அமராவதி கூடத்தில் எல்லோரும் வரிசையாக நடந்துகொண்டே பாருங்கள், ஒருவர் கதை சொல்லட்டும். வெண்கலக் கூடத்தில் யாரும் பேசாமல் ஒரே சிலை முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிறகு முடிந்தவரை பின்பக்கம் போய்ப் பாருங்கள். பட்டுத்துணிக்கும் மாலைக்கும் அடியில் யார் கண்ணிலும் படாமல் போகக்கூடிய முதுகையும் கூந்தலையும் ஆடை மடிப்பையும் அவ்வளவு ஒழுங்காகச் செய்திருப்பார்கள். நாம் கோயிலில் பார்ப்பது அலங்காரம். அலங்காரத்துக்கு அடியில் ஸ்தபதி செய்தது என்ன என்று பார்க்க இங்கேதான் வர வேண்டும்.

இன்னொரு பாலமும் உண்டு. நாகப்பட்டினத்துப் புத்தர்கள். முதலாம் ராஜராஜன் காலத்தில், கடல் கடந்த சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் நிவந்தமாகக் கொடுத்தான். அந்தக் கொடையைப் பதிந்த செப்பேடு இன்று நெதர்லாந்தின் லெய்டன் பெயரில் அறியப்படுகிறது. 1856 தொடங்கி நாகப்பட்டினத்தில் மண்ணுக்குள்ளிருந்து முன்னூறுக்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன, நிறைய இங்கே வந்து சேர்ந்தன. தலை உச்சியில் தீச்சுடர் மாதிரி ஒன்று எழும்பும் புத்தரைத் தேடுங்கள்.

காலையில் காலி ஆசனமாகப் பார்த்த அதே புத்தர், இங்கே சோழநாட்டு வார்ப்பில், சிவனுக்கும் பெருமாளுக்கும் வந்த அதே முக அமைப்போடு நிற்பார். தமிழ்நாட்டில் பௌத்தம் என்றால் மணிமேகலையோடு முடிந்துபோனது என்று நினைப்பவர்கள் இந்தச் சிலைகளுக்கு முன்னால் கொஞ்சம் திகைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் இங்கே பௌத்தம் இருந்தது.

கண்ணாடிக்குள் இருக்கும் சாமியைக் கும்பிடலாமா? செருப்பைக் கழற்ற வேண்டுமா?

கழற்றச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். சிலர் நடராசர் முன்னால் தாங்களாகவே கழற்றிவிட்டு நிற்கிறார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். யாரும் தடுப்பதில்லை, தடுக்கவும் கூடாது. கற்பூரம், பூ, சில்லறை இவை மட்டும் வேண்டாம். தொட்டுக் கும்பிடவும் வேண்டாம், கைவியர்வை உலோகத்துக்கு ஆகாது.

குழுவுக்குள் இது ஒரு சின்ன மோதலாக வெடிக்கலாம். 'இது கலைப்பொருள்' என்பார் ஒருவர், 'எங்கள் அம்மன்' என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் சரி. அவரவர் பார்க்கிறபடி பார்க்க விட்டுவிடுங்கள், யார் கண் சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை ஏற்பாட்டாளர் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தச் சிலைகள் ஏன் மண்ணுக்குள் இருந்தன?

படையெடுப்பு, கலவரம், கோயில் கைமாறுவது என்று ஆபத்து வந்தபோது ஊர்க்காரர்களே புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இடம் மறந்துபோனது. அப்புறம் வயல் உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ வெளிவரும். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், அந்த வழியாகத்தான் பல சிலைகள் அருங்காட்சியகம் வந்தன. திருவெண்காட்டுச் சிலைகளும் மண்ணிலிருந்து எடுத்தவையே.

ஐம்பொன் என்றால் தங்கம் கலந்திருக்குமா?

குழுவில் இதைக் கேட்காமல் யாரும் விட்டதில்லை. பெரும்பகுதி செம்பு, கூடவே கொஞ்சம் வெள்ளீயம், ஈயம். தங்கமும் வெள்ளியும் சேர்த்தாலும் சாஸ்திரத்துக்குத் துளி என்ற அளவில்தான்.

செய்முறையைச் சொன்னால் எல்லோரும் ஆர்வமாகக் கேட்பார்கள், அதனால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதலில் மெழுகில் உருவம். அதன் மேல் நைசான வண்டல் மண் பூச்சு, காய்ந்ததும் இன்னும் கெட்டியான பூச்சுகள், கம்பிக் கட்டு. சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம். ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். உடைத்த அச்சு திரும்ப வராது, அதனால் ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்று. நம் ஊர்ச் சிலைகள் உள்ளே கூடாக இல்லாமல் கனமாக வார்த்தவை. சோழர் காலத்தில் நுணுக்கங்களை மெழுகிலேயே முடித்துவிட்டார்கள் என்பார்கள். இன்று சுவாமிமலையில் அதே முறையில் வார்த்தபின் உளிவேலை நிறையச் செய்கிறார்கள்.

மண்ணுக்குள் கிடந்த செம்புக்குப் பச்சை பிடிக்கும், சில வகைப் பச்சை சிலையைத் தின்றுவிடும். அதைத் தடுக்க இந்த அருங்காட்சியகத்தில் 1930-லேயே ரசாயனப் பாதுகாப்புக் கூடம் அமைத்தார்கள். மின்பகுப்பு முறையில் வெண்கலங்களைச் சுத்தம் செய்த வேலை அங்கே நடந்தது. சிலைகளைப் பார்க்க வருபவர்கள் இந்தப் பக்கத்தைக் கவனிப்பதே இல்லை.

எத்தனை பேர் போகலாம்? வழிகாட்டி வேண்டுமா?

பன்னிரண்டு பேர் நல்ல அளவு. பதினைந்துக்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் தலைதான் தெரியும். கூட்டம் அதிகமானால் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அமராவதியிலும் மறு பாதி வெண்கலத்திலும் தொடங்கலாம். வரிசையை மாற்றாதீர்கள் என்று மேலே நானே சொன்னேன், இது தவிர்க்க முடியாத விலக்கு.

வழிகாட்டி இல்லாமலே சமாளிக்கலாம். குழுவில் இரண்டு பேர் முன்கூட்டியே படித்துவிட்டு வந்தால் போதும். படித்தவர் பேசிக்கொண்டே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் சிரமம். முதலில் எல்லோரும் பார்க்கட்டும், என்ன தெரிகிறது என்று சொல்லட்டும், வருஷமும் வம்சமும் கடைசியில் வரட்டும். புடவை கட்டுபவர்கள் அம்மன் ஆடையின் மடிப்பைப் பற்றிச் சொல்வதும், நகைத் தொழில் தெரிந்தவர் தோள்வளையைப் பற்றிச் சொல்வதும் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

குழந்தைகளைக் கூட்டிவரலாமா?

எட்டு வயசுக்கு மேல் என்றால் தாராளமாக. நோட்டும் பென்சிலும் கொடுத்து விடுங்கள். ஒரு சிலையின் கைகளை மட்டும் வரையச் சொன்னால் அரை மணி நேரம் சத்தமே இருக்காது.

அதற்குமேல் பொறுமை இல்லை என்றால் கற்காலக் கருவிகளைக் காட்டுங்கள். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் அதிகாரி 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கான ஆய்வு அங்கேதான் தொடங்கியது. அவர் சேகரித்தவற்றை 1904-ல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. 'ஏர்போர்ட் போகும் வழியில் இருக்கிற அந்தப் பல்லாவரமா?' என்று குழந்தைகள் வாயைப் பிளப்பார்கள். பெரியவர்களும்தான். திமிங்கல எலும்புக்கூட்டையும் காட்டாமல் வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, கடைசி இருபது நிமிடத்தை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

வயதானவர்கள் சமாளிப்பார்களா?

கட்டடங்களுக்கு இடையே நடை இருக்கிறது, படிகள் இருக்கின்றன. மடித்து எடுத்துவரும் சின்ன ஸ்டூல் ஒன்று குழுவுக்கு இருந்தால் நல்லது, ஆனால் உள்ளே அனுமதிப்பார்களா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை வேண்டாம். டிசம்பர், ஜனவரி உத்தமம்.

என்றைக்கு, எப்படி, சாப்பாடு எங்கே?

வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை மறந்து பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்கும் குழுக்களை எப்போதும் பார்க்கலாம். தேசிய விடுமுறைகளிலும் மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை 9.30-க்குத் திறக்கிறார்கள், மாலை 5 வரை. சனி, ஞாயிறு பள்ளிக் குழந்தைகளும் குடும்பங்களும் அதிகம். செவ்வாய், புதன் அமைதி. பழுதுபார்ப்பு வேலைக்காக அவ்வப்போது ஏதாவது ஒரு கூடத்தை மூடிவைப்பார்கள், அதனால் முதல் நாள் போன் செய்து இந்த இரண்டு கூடமும் திறந்திருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

எழும்பூர் ரயில் நிலையத்திலோ மெட்ரோவிலோ இறங்கினால் நடக்கும் தூரம்தான், பெரியவர்களுக்கு ஆட்டோ. வேனில் வந்து இடம் தேடி அலைவதைவிட ரயிலே மேல். மதியச் சாப்பாட்டுக்கு ஸ்டேஷன் பக்கம் போய்விடலாம். கட்டுச்சோறு கொண்டுவந்தால் குப்பையைத் திரும்ப எடுத்துப்போகவும் பை கொண்டுவாருங்கள்.

நுழைவுக் கட்டணம் சொற்பம். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, வாசலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள், உள்ளே போய் வாக்குவாதம் வேண்டாம். ஃபிளாஷ் போடாதீர்கள்.

அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் போக முடியுமா?

விக்டோரியா நினைவு மண்டபம். ஹென்றி இர்வின் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டி கட்டி, 1909-ல் திறந்தது. ஃபதேபூர் சிக்ரியின் வாயிலை நினைவுபடுத்தும் முகப்பு. 1951-ல் தேசியக் கலைக்கூடமாகி, ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் அங்கே இருந்தன. கட்டடம் பழுதாகிப் பல வருஷங்கள் பூட்டிக்கிடந்தது. திறந்திருந்தால் போய்ப் பாருங்கள். மூடியிருந்தாலும் வெளியே நின்று கல்வேலையைப் பார்க்கலாம், அதற்கு டிக்கெட் கிடையாது. பக்கத்திலேயே கன்னிமாரா நூலகமும் மியூசியம் தியேட்டரும் இருக்கின்றன.

மதியத்துக்கு மேல் தெம்பு இருந்தால்?

கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் சென்னை மையம். ஆட்டோவில் சில நிமிடம். இன்றைய ஓவியர்களின் கண்காட்சிகள் மாறிமாறி நடக்கும், பல சமயம் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று. எழும்பூரில் ஆயிரம் வருஷத்துப் பெயரில்லாத ஸ்தபதியைப் பார்த்துவிட்டு, பெயரும் போன் நம்பரும் போட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓவியரைப் பார்ப்பது தனி அனுபவம். இங்கே ஒரு சௌகரியம் உண்டு: புரியாவிட்டால் செய்தவரிடமே கேட்டுவிடலாம். 'இதை என் பேரனே கிறுக்குவான்' என்று குழுவில் யாராவது சொல்வார்கள். ஓவியர் காதில் விழாத தூரத்தில் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அதே ஆளை அந்த ஓவியத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்கவைத்து, எதை முதலில் பார்த்தார், கண் எங்கே போனது என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் ஏன் பிடிக்கவில்லை என்று அவரால் சொல்ல முடியும், அது போதும்.

ஒருமுறை போய்விட்டோம். அடுத்து எந்த ஜோடி?

கிழக்குக் கடற்கரைச் சாலை. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் 1966-ல் நிலம் வாங்கி அமைத்தது. படம் விற்காத காலத்தில் பாத்திக் போன்ற கைவினை செய்து வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டு ஓவியம் வரைந்தவர்கள் அவர்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் பணிக்கரின் சொற்களும் குறியீடுகளும் வரிசை ஓவியங்களைப் பார்த்துவிட்டு, இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குப் போங்கள். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். காலையில் மரபிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்யத் துடித்தவர்கள், மாலையில் மரபைத் திண்ணையோடு காப்பாற்றியவர்கள். எங்கள் குழுவில் அன்று வண்டியில் திரும்பும்போது நடந்த சண்டை இன்னும் முடியவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்கள் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனரை, அதாவது காளைமேல் சாய்ந்து நிற்கும் கோலத்துச் சிவனைப் பாருங்கள். 1011-ம் ஆண்டைச் சேர்ந்தவர். எழும்பூர் அர்த்தநாரீசுவரரின் அதே ஊர்க்காரர், அவருக்கும் சாய்ந்துகொள்ளக் காளை இல்லை.

தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.